காற்றடிக்கிற துவக்கு

1

மகனுக்குத் துவக்கைத் திருப்பிக் கொடுக்கலாமா, கூடாதா என்று இந்த நாட்டு அரசாங்கம் என்னிடம் கேட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கூப்பனுக்கு அரிசி தருகிற கடை மனேச்சரைத் தவிர அரசாங்கத்தில் ஒருவரும் அதுவரை என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. என் வாயிலிருந்து வரப்போகிற சொல்லில் என் பிள்ளையின் உயிர் கிடக்கிறது என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

ஊரில் இருக்கிற நீங்கள் எங்களைப் படத்தில்தான் பார்க்கிறீர்கள். பனிக்குள் தொப்பி போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்போம். அந்தச் சிரிப்பு படம் எடுக்கிற நேரத்துக்கு மட்டும்தான். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசியுங்கள். விசயத்தில் பிழை இல்லை.

நாங்கள் மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் என்கிற பகுதியில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே பஞ்சாபிக்காரர், அதற்கும் கீழே ஒரு கிரேக்கக் கிழவர். வீட்டில் என் மகன் சுதன், அவனுடைய மகள் ஆரணி, நான். மருமகள் போன வருசம் பிரிந்து டொரொண்டோவுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தை பேசாத மனிசனோடு எத்தனை காலம் இருப்பாள்? ஆரணி படிப்பைச் சொல்லி இங்கேயே நின்றுவிட்டாள். அவள் தமிழ் கதைப்பாள், ஆனால் யோசிப்பது பிரெஞ்சில். நான் ஒன்று கேட்டால் பதில் வருவதற்கு முன்னால் அவள் கண் ஒருமுறை மேலே போய்வரும். அங்கே போய்த்தான் தமிழை எடுத்துவர வேண்டும் போல.

சுதனுக்கு சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடைக்கிற தொழிற்சாலையில் வேலை.

2

பனி கரைந்து தெருவெல்லாம் ஊத்தையாகக் கிடந்த ஒரு நாள். நான் குசினியில் முயல் இறைச்சிக்குத் தூள் பிரட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். ஒரு பொலிஸ்காரன், ஒரு பொலிஸ்காரி. இரண்டு பேருக்கும் பால்வடியும் முகம். போன்ஜூர் மதாம் என்றார்கள். நானும் போன்ஜூர் என்றேன். போன்ஜூரும், நன்றிக்கு மெர்சியும், என்னுடைய பிரெஞ்சு அவ்வளவுதான்.

சுதன் முதல் நாள் பின்பக்க பல்கனியில் இருந்து துவக்கைத் துடைத்திருக்கிறான். பின் ஒழுங்கையில் போன யாரோ பார்த்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். களவுச் சாமான் அல்ல. படித்து, சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து வாங்கியது. அவர்களும் சண்டைக்கு வரவில்லை. சும்மா கேட்டுப் போக வந்தவர்கள். மகன் வேலையில், பேத்தி படிப்பில். எனக்கு விளங்கவில்லை என்று கண்டு, போனில் ஒரு தமிழ்ப் பெண்ணை எடுத்து நடுவில் வைத்தார்கள். இந்தியப் பிள்ளை. நல்ல மரியாதை.

"வணக்கம்மா. உங்க பையன் துப்பாக்கி வெச்சிருக்காரான்னு கேக்கறாங்க."

"ஓம் பிள்ளை, துவக்கு கிடக்கு. லைசென்ஸ் இருக்கு. சனி ஞாயிறிலை போய் வெடி வைக்கிறவன்."



"வெடி வைக்கிறாரா? எங்கம்மா வைக்கிறாரு?"

"காட்டுக்கைதான். தெரிஞ்ச பண்ணைக்காரன்ர காணியிலையும் வைக்கிறவன்."

"எதுக்கும்மா?"

"நரி மாதிரி ஒண்டு வந்து ஆட்டுக்குட்டியைத் தூக்குதாம். அதுக்கு வைப்பான். முயலுக்கும் வைப்பான். ஆக்களுக்கு வெடி வைக்கிற பிள்ளை இல்லை அவன்."

அந்தப் பிள்ளை பிரெஞ்சில் ஏதோ சொன்னது. பொலிஸ்காரியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். துவக்கைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள் என்றது போன்.

"வேறென்ன, சிலிண்டர்தான். கட்டிலுக்குக் கீழை கிடக்கு. அதாலைதான் எல்லாம் வேலை செய்யுது."

இதற்குப் பிறகு என்னை ஒன்றும் கேட்கவில்லை. பொலிஸ்காரி என் முழங்கையைப் பிடித்துப் படியால் இறக்கினாள். தூள் பிரட்டின கையோடு தெருவில் நின்றேன். கட்டிடம் முழுவதையும் கிளப்பிவிட்டார்கள். பஞ்சாபிப் பெண் மா பிசைந்த கையோடு நின்றாள். கிரேக்கக் கிழவர் சப்பாத்தில்லாமல் காலுறையோடு பனித்தண்ணீரில் நின்று தன் பாசையில் எல்லோரையும் திட்டினார். பெரிய வாகனத்தில் தடித்த உடுப்புப் போட்ட ஆட்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் வீட்டுக்குத்தான் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. யார் வீட்டிலோ காஸ் ஒழுகுகிறது என்று நினைத்து, அடுப்பை நிற்பாட்டாமல் வந்துவிட்டேனே என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

சுதனைத் தொழிற்சாலையில் வைத்து, கூட வேலை செய்கிறவர்கள் பார்க்க, கையைப் பின்னால் கட்டிக் கூட்டிப்போனார்கள்.

பின்னேரம் ஆரணி பொலிசுக்கு ஓடிப்போய்த்தான் விசயத்தை அவிழ்த்தாள். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடித்தாள்.

"அப்பம்மா, 'வெடி வைக்கிறது' எண்டால் போனிலை கதைச்ச ஆன்ரிக்கு பாம் வைக்கிறது. இந்தியாவிலை காட்டுக்கை பண்டிக்கு உண்மையா அப்பிடி வைப்பினமாம். நீங்கள் அப்பா பாம் வைக்கிறார் எண்டு சொல்லியிருக்கிறியள்."

"நான் என்னத்தைச் சொல்லுறது? எங்கட ஊரிலை துவக்காலை வெடிதான் வைக்கிறது."

"சுடுறது எண்டு சொல்லியிருக்கலாம்தானே?"

"தோசையும்தான் சுடுறம். அதுக்கும் பொலிஸ் வருமோ?"

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சுதன் சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியில் நின்றான். மணிக்கட்டில் சிவந்து கிடந்தது.

அவர்கள் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டார்கள், அது உண்மை. சிலிண்டரையும் தந்துவிட்டார்கள். துவக்கை மட்டும் தரவில்லை. கோப்பு ஒன்று திறந்தாயிற்றாம், விசாரித்துத்தான் மூடலாமாம்.

3

இந்தத் துவக்கு எப்படி வீட்டுக்குள் வந்தது என்று சொல்ல வேண்டும்.

சுதனோடு வேலை செய்கிறவர் லூக். இந்த ஊர்க்காரர், வேட்டைக்காரர், தாடி நெஞ்சு மட்டும். ஒருமுறை சுதனைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். லூக்கின் வெடிமருந்துத் துவக்கு முதல் வெடி வைத்ததும் என் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்துவிட்டான். காற்சட்டை நனைந்துவிட்டது. லூக் சிரிக்கவில்லை. தன் மழைக்கோட்டை அவன் இடுப்பில் கட்டிவிட்டு, நேரமாச்சு போவோம் என்று கூட்டிவந்தார். அதற்காகவே அந்த மனிசனுக்கு என் வீட்டில் எந்த நேரமும் சோறு இருக்கும்.

சுதன் சிறுபிள்ளையாக இருக்கும்போது ஊரில் செல் விழுந்து வெடித்துத் தகப்பன் செத்தார். அவன் பக்கத்தில் நின்றவன். இங்கே கோடையில் ஆற்றங்கரையில் வாணவேடிக்கை விடுவார்கள். ஊர் முழுக்கப் பார்க்கப் போகும். என் பிள்ளை குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அது முடியும் வரை இருப்பான்.

பிறகு ஒரு நாள் லூக்தான் சொன்னார், மருந்து இல்லாத துவக்கு இருக்கிறது என்று. பிள்ளைகள் தகரம் சுடுகிற விளையாட்டுத் துவக்கு அல்ல. பெரிய வாய், பெரிய ரவை. ஈயத்தில் செய்த ரவை, என் சின்னிவிரல் நுனி அளவு இருக்கும். கடலுக்குள் இறங்குகிறவர்கள் முதுகில் கட்டுகிற மாதிரி ஒரு சிலிண்டர். அதிலிருந்து துவக்குக்குள் காற்றை ஏற்ற வேண்டும். அளவு காட்டுகிற முள் குறித்த கோட்டுக்கு ஏறினதும் நிற்பாட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு சில வெடிதான் முழுப் பலத்தோடு போகும். காற்று இளைக்க ரவையும் இளைத்துவிடும்.

அதை வாங்குவதற்கு முதல் இரண்டு பேரும் என் குசினி மேசையில் இருந்து கதைத்த கதை கொஞ்சமல்ல. லூக் சொல்லுவார், சுதன் எனக்குத் தமிழில் சொல்லுவான்.

"பலம் வேணுமாம் அம்மா. ரவை மெதுவாய்ப் போனாலும் பாரமாய்ப் போனால்தான் உள்ளுக்கை இறங்குமாம்."

"சரி."

"எங்கை குறி பிடிச்சமோ அங்கை படவேணும். இது தூரத்துக்குச் சரிவராது, கிட்டப் போகத் தெரிஞ்சவனுக்குத்தான். பிறகு, கனக்கச் சத்தம் போடக் கூடாது. பண்ணை மாடு வெருளும், அயல்காரன் சண்டைக்கு வருவான்."

"வேற?"

"காத்து அடிக்கடி ஏத்திக்கொண்டு இருக்க ஏலாது. தூக்கிக்கொண்டு நடக்கப் பாரமில்லாமல் இருக்கவேணும்."

"இவ்வளவு குணமும் உள்ள பொம்பிளையைத் தேடினாலும் கிடைக்காது எண்டு அவருக்குச் சொல்லு" என்றேன்.

சுதன் பிரெஞ்சில் சொன்னான். லூக் மேசையில் அடித்துச் சிரித்தார். சொல்லிக்கொடுத்த சுதன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் போய் அப்போது கன நாளில்லை. என் வாயை நானே அடக்கியிருக்கலாம்.

எனக்கு அதிசயம் அந்தச் சத்தக் கதைதான். என் தமையன் வன்னியில் வயல் செய்தவர். அவரிடம் இடியன் துவக்கு இருந்தது. குழாய்க்குள் மருந்தை இடித்து அடைத்து வைக்கிற துவக்கு. அதில் பன்றி விழுந்தது குறைவு. சத்தத்துக்குத்தான் அதை வைத்திருந்தார். ஒரு வெடி வைத்தால் அந்த வயல்வெளி முழுக்க பன்றி இறங்காது. அங்கே துவக்கு வைத்திருக்கிறவனுக்குச் சத்தம் வேண்டும். இங்கே காசு கொடுத்துச் சத்தமில்லாததைத் தேடுகிறார்கள்.

வாங்கின பிறகு பார்த்தால், கடைக்காரர் சொன்ன மாதிரி அது ஊமையும் இல்லை. பலகையைப் பலகையில் அறைந்த மாதிரி ஒரு சத்தம் வருமாம். சத்தத்தை விழுங்குகிற குழாய் பூட்ட இங்கே சட்டம் விடாது. ஆனாலும் சுதன் அதைத் தாங்கினான். "நான் நினைச்சால்தான் சத்தம் வரும் அம்மா. நான் நினைக்காட்டி வராது" என்றான். முதல் முயலோடு வந்த அன்று இன்னும் கொஞ்சம் சோறு போடணை என்று கேட்டுச் சாப்பிட்டான். வருசக் கணக்காக அவன் வாயில் வராத சொல் அது.

அன்றைக்குத்தான் இதையும் சொன்னான். நான் முயலைக் கழுவிக்கொண்டிருந்தேன். துடிச்சதோ என்று கேட்டேன்.

"இல்லையணை. வேட்டைக்காரனுக்கு முக்கியமாய் வேண்டியது அதுதான். ஒரே வெடி. அதுக்குத் தெரியவே தெரியாது. நோவு இல்லை, பயம் இல்லை. சத்தம் கேக்க முதல் முடிஞ்சிடும்."

இரக்கமுள்ள பிள்ளை என்று நினைத்தேன். சந்தோசப்பட்டேன்.

4

துவக்குப் போன பிறகு அவன் காட்டுக்குப் போவதை விட்டான். வேலைத்தலத்தில் ஆட்கள் அவன் வந்தால் கதையை நிற்பாட்டுகிறார்களாம். தன் துவக்கைத் தருகிறேன் வா என்று லூக் கேட்டும் போகவில்லை. வேலையால் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பான். சோற்றைக் கிளறுவான், வைப்பான்.

"மோனை, உனக்கு என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை. சும்மா இரணை."

எவ்வளவு கேட்டாலும் இதுதான்.

பிறகு விசாரணைக்கு வரச் சொல்லி அறிவித்தல் வந்தது. வீட்டில் இருக்கிற பெரியவர் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தது. பெரும்பாலும் துவக்கு திரும்பிவிடும் என்று ஆரணி வாசித்துச் சொன்னாள். அன்றிலிருந்து பிள்ளைக்கு ஒரு தெளிவு வந்தது. முகம் வழித்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்கூட. நான் விளக்கு வைத்துக் கும்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆரணியைப் பக்கத்தில் இருத்தி, கரண்ட் பில் எப்படிக் கட்டுவது, வாடகை யாருக்குப் போவது என்று காட்டிக்கொடுத்தான். பொறுப்புப் பழக்குகிறான் என்று நினைத்தேன். தன் குளிர்க்கோட்டைத் தோய்த்துக் கோயிலுக்கு வருகிற ஒரு புதுப் பெடியனுக்குக் கொடுத்தான். பிறகு என் மருந்துப் பெட்டிக்கு வந்தான். கிழமைக்கு ஒருமுறை குளிசைகளை எடுத்து நாள் நாளாக அதில் போட்டுவைப்பது அவன் வேலை. அன்று புதிதாகப் பெட்டிகள் வாங்கிவந்து மேசையில் அடுக்கி, அத்தனையையும் நிரப்பினான்.

"ஏன் ராசா இவ்வளவு? அடுத்த கிழமை போடலாம்தானே?"

"கிடக்கட்டுமணை. உனக்கு லேசு."

அவன் முகத்தில் ஒரு களைப்பும் இல்லை. கடைசி மூடியையும் அமத்திவிட்டு உள்ளங்கையால் பெட்டிகளை ஒருமுறை தடவினான்.  நோவு இல்லை, பயம் இல்லை, சத்தம் கேட்க முதல் முடிந்துவிடும் என்று அவன் சொன்னது அப்போதுதான் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

இனி யாரிடம் போவேன்? ஆரணியிடம் சொன்னேன், அப்பாவின் போக்குச் சரியில்லை என்று. "இப்பதானே அப்பம்மா நல்லா இருக்கிறார்" என்றாள். குமர்ப்பிள்ளையிடம் அதற்கு மேல் எந்தச் சொல்லை எடுத்துச் சொல்லுவது? வாய் வரவில்லை. சுதன் வேலைக்குப் போன பிறகு போனில் லூக்கின் படத்தை அழுத்தினேன்.

"அல்லோ?"

"லூக். சுதன்."

"உவி, சுதன்?" என்றார், ஓம் என்கிற மாதிரி. பிறகு என்னவோ கேட்டார்.

"சுதன்" என்றேன் திரும்பவும். அழுகை வந்தது. அழுகைக்கு எல்லாப் பாசையும் ஒன்று என்பார்கள். பொய். அவருக்கு விளங்கவில்லை. "மெர்சி" என்று சொல்லி வைத்துவிட்டேன். பின்னேரம் ஒரு பை அப்பிளோடு வந்து நின்றார் பாவம், சாப்பிடக் கூப்பிட்டேன் என்று நினைத்து. சுதன் தனக்குத் தலையிடி என்று அறைக்குள் போய்விட்டான். லூக்கும் நானும் மேசையில் எதிர் எதிரே இருந்தோம். அவர் அப்பிளை வெட்டி எனக்கு ஒரு துண்டு நீட்டினார். இரண்டு பேருக்கும் நடுவில் அத்தனை சங்கதியும் கிடந்தது, எடுத்துக் கொடுக்க ஒரு சொல் இல்லை.

5

விசாரணைக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். சுதன் நல்ல சேட்டுப் போட்டிருந்தான். எனக்கு ஜன்னல் பக்கம் இடம் பிடித்துத் தந்தான்.

ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் நடுத்தர வயதில் ஒரு பெண். நல்ல முகம். மொழிபெயர்க்கிறவர் வரச் சுணங்கும், பேத்தி சொன்னால் போதுமா என்று கேட்டாள். போதும் என்றோம். முதலில் வெடிக் கதை வந்தது. ஆரணி விளங்கப்படுத்தினாள். அந்தப் பெண் நெஞ்சில் கையை வைத்து எனக்கு ஏதோ சொன்னாள்.

"உங்கட சொல்லிலை பிழை இல்லையாம் அப்பம்மா. தங்கடை பிழையாம். மன்னிக்கட்டாம்."

"பரவாயில்லை எண்டு சொல்லு."

பிறகு சுதனிடம் கேட்டாள். அவன் ஒழுங்காகப் பதில் சொன்னான். காடு, பண்ணை, லூக் என்று எனக்குத் தெரிந்த சொற்கள் வந்தன. அவள் எழுதிக்கொண்டு தலையாட்டினாள். பேனையை மூடப் போனவள், நினைத்துக்கொண்ட மாதிரி என் பக்கம் திரும்பினாள்.

"அப்பம்மா, கடைசிக் கேள்வியாம். எல்லாரிட்டையும் கேக்கிறதாம். துவக்கு வீட்டை வந்தால் உங்களுக்கு ஏதும் பயம் இருக்கோ?"

சுதன் என்னைப் பார்த்தான். கோபமாக அல்ல. சின்ன வயதில் கடையில் ஒன்றைக் காட்டி, வாய் திறந்து கேட்காமல் பார்ப்பானே, அப்படிப் பார்த்தான். இல்லை என்று ஒரு சொல். சொன்னால் அவன் கேட்டது கிடைக்கும். இந்த நாட்டில் ஒரு பிடி சோற்றைத் தவிர அவன் என்னிடம் வேறு ஒன்றும் கேட்டதில்லை. அவனைச் சந்தையில் வைத்து அவமானப்படுத்தின மாதிரி ஒருமுறை என் சொல் செய்துவிட்டது. இரண்டாம் தரமும் செய்யவா?

"ஓம்" என்றேன். "பயம்."

ஆரணியின் கண் மேலே போகவில்லை. என்னையே பார்த்தாள். "என்ன பயம்? ஆரையும் சுட்டிடுவாரோ எண்டோ?"

"ஆரையும் இல்லைப் பிள்ளை. தன்னை."

அவளுக்கு எல்லாத் தமிழும் விளங்காது. அது விளங்கியது. வாயைத் திறந்தாள், மூடினாள். அந்தப் பெண் அவளை அவசரப்படுத்தவில்லை. சுதன் பிரெஞ்சில் கடுகடுவென்று ஏதோ சொன்னான், மகளைப் பார்த்து. சொல்லாதே என்று சொல்லியிருப்பான். ஆரணி அவனைப் பார்த்தாள்.  பிறகு திரும்பி அந்தப் பெண்ணிடம் மெல்லச் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அதற்குள் எனக்கு விளங்கியது ஒரே ஒரு சொல். பாப்பா. அவர்கள் பாசையில் அப்பா.

அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டு மேசையைச் சுற்றி வந்து சுதனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். கதவுக்கு அப்பால் கன நேரம் அவளுடைய குரல் மட்டும் கேட்டது. பிறகு என் பிள்ளை அழுவது கேட்டது. தகப்பன் செத்த அன்றுகூட அவன் அழவில்லை. அந்தச் சத்தம் எனக்குப் புதிது. ஆரணி என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அன்று அவனை எங்களோடு வீட்டுக்கு விடவில்லை. அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

6

இப்போது வீட்டில் இருக்கிறான். கிழமைக்கு ஒருநாள் ஒரு டாக்குத்தரிடம் போகிறான், லூக் காரில் கூட்டிப்போகிறார். துவக்கு வரவில்லை. வராது.

என்னோடு அவன் கதைப்பதில்லை. காலையில் தேத்தண்ணி வைத்தால் எடுக்கிறான், கோப்பையைக் கழுவி வைக்கிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. "அவமானப்படுத்தினது போதும் எண்டு சொல்லு" என்று ஒருமுறை ஆரணியிடம் சொன்னானாம், எனக்குக் கேட்க.  நான் செய்தது சரியா, அவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே சந்தோசத்தையும் பிடுங்கிவிட்டேனா என்று எனக்குத் தெரியாது. டாக்குத்தருக்கும் தெரியாதாம். சில நாள் அவன் அறைக் கதவுக்கு வெளியே கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன், கையில் வெங்காயமோ கீரையோ வைத்துக்கொண்டு. உள்ளே கட்டில் கிறீச்சிடும். இருமுவான். சப்பாத்தை உதறுவான்.

ஆரணி வந்து, "ஏன் அப்பம்மா இங்கை இருக்கிறியள், அவர் உங்களோடை கதைக்கமாட்டார்தானே" என்று கேட்கிறாள்.

கதைக்காட்டில் போகட்டும். ஊரில் யாராவது உன் பிள்ளை எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்ல ஒரு சொல் இருக்கிறது. இருக்கிறான்.